கீறல் விழாத கடிகாரம்

தமிழ்நாட்டில் ரொம்ப காலம் கைக்கடிகாரங்கள் இரண்டே வகைதான். ஒன்று வாட்ச், இன்னொன்று ராடோ. கையில் ஹெச்.எம்.டி. இருந்தாலும் டைட்டன் இருந்தாலும் அது வாட்ச். ராடோ கட்டியவரை மட்டும் "அவரு ராடோ கட்டியிருக்காரு" என்று பேர் சொல்லிச் சொன்னார்கள். வளைகுடாவிலிருந்து வந்த மாமாவின் மணிக்கட்டில், பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்ட சீரில், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் கையில் என்று எங்கே தென்பட்டாலும் அது ஒரே செய்தியைத்தான் சொன்னது. இங்கே காசு வந்திருக்கிறது.

இதே ராடோவைப் பற்றிக் கடிகார ரசிகர்களிடம் கேட்டுப்பாருங்கள், முகம் சுளிப்பார்கள். கிளாசிக் பட்டியல் அவர்களிடம் தயாராக இருக்கும்: 1917இல் வரையப்பட்ட கார்ட்டியே டேங்க், 1950களின் ரோலெக்ஸ் சப்மரினர், நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1972இன் ஆடெமார் பிகே ராயல் ஓக். ராடோவுக்கு அதில் இடமிருக்காது. "அது கல்ஃப்காரங்க வாட்ச்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியில் ரசனை பாதி, ஏளனம் பாதி. ஏளனத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துப் பேசலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். 1962இல் வந்த ராடோ டயாஸ்டாரை ஒரு கிளாசிக் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி. ஆனால் அந்த நிறுவனம் அறுபது வருடமாகச் சொல்லிவரும் காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணத்தையே இன்னும் தூரம் கொண்டுபோய் அவர்கள் பின்னாளில் செய்த செராமிக் கடிகாரங்களுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை விருத்தாசலத்துக்காரன் ஒருவன் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். எங்கள் ஊர் பிழைத்ததே பீங்கானில்.

முதலில் அந்தச் சொல். கிளாசிக் என்பதற்கு நாம் செவ்வியல் என்கிறோம். 2004 அக்டோபரில் தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது மத்திய அரசு வைத்த அளவுகோல்களில் முதலாவது வயது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை வேண்டும் என்றார்கள். அடுத்த வருடமே அதை 1500 முதல் 2000 ஆண்டு என்று உயர்த்தினார்கள். வயதை வைத்து அளப்பது அரசாங்கத்துக்கு வசதி. கோப்பில் எழுதலாம், சரிபார்க்கலாம். ஆனால் படிக்கிறவனுக்கு அது போதாது. மண்ணுக்குள் இரண்டாயிரம் வருடம் கிடந்த பானை ஓடு தொல்பொருள், அவ்வளவுதான். குறளை நாம் செவ்வியல் என்பது அது பத்திரமாக இருந்ததால் மட்டும் இல்லை. மணக்குடவர், பரிமேலழகர் என்று பதின்மர் உரை எழுதியதாகச் சொல்கிறோம். அதற்குப் பிறகு இன்றுவரை எத்தனை உரைகள்! ஒவ்வொரு தலைமுறையும் அதைப் பிரித்து, தன் கையின் அழுக்கைப் பதித்து, தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, அடுத்தவரிடம் கொடுத்திருக்கிறது. அத்தனை பேர் கைபட்டும் அது தீரவில்லை.

ஆகவே ஒரு பொருளைச் செவ்வியல் என்று சொல்ல நான் பார்ப்பது மூன்று. அது வந்த காலத்தில் உண்மையான ஒரு சிக்கலைத் தீர்த்ததா? அதன் உருவம் அந்தத் தீர்விலிருந்து பிறந்ததா, இல்லை மேலே பூசியதா? செய்தவன் போன பிறகு வேறு கைகள் அதைத் திறக்கவும் பழுது பார்க்கவும் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளவும் முடிகிறதா? முதல் இரண்டு கேள்விக்கு விளம்பரங்களிலேயே பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்குத் தெருவில் இறங்கித்தான் பதில் தேட வேண்டும்.

ராடோவின் வேர் ஷ்லுப் என்ற நிறுவனம். சுவிட்சர்லாந்தின் லெங்னாவ் ஊரில் 1917இல் மூன்று சகோதரர்கள் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்தது கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டும்தான், மற்ற நிறுவனங்களுக்கு. ராடோ என்ற பெயரில் சொந்தமாகக் கடிகாரங்களை விற்கத் தொடங்கியது 1950களில். 1957இல் கோல்டன் ஹார்ஸ் வந்தது. ஆனால் அன்றைக்குச் சுவிட்சர்லாந்தில் நல்ல கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை. இன்னொரு நல்ல கடிகாரத்தோடு யாரும் இவர்களைக் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் வேறொரு சிக்கலைக் கையில் எடுத்தார்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறது, ஆனால் இரண்டு வருடத்தில் பழசாகத் தெரிகிறது. ஏன்?

பதில் தூசிதான். தெருப்புழுதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ் மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகும் கண்ணாடியும் அதற்குக் கீழே. சட்டைக் கையில் ஒட்டிய மணல் துகள் ஒவ்வொரு தடவை உரசும்போதும் எஃகில் ஒரு கோடு போடும். மணலைவிடக் கடினமான பொருளில் கூட்டைச் செய்தால் கோடு விழாது. அவர்கள் எடுத்துக்கொண்டது டங்ஸ்டன் கார்பைடு, கண்ணாடிக்குச் செயற்கை நீலக்கல். டங்ஸ்டன் கார்பைடு ஒன்றும் அந்நியப் பொருள் இல்லை. 1920களில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல' என்று பொருள் வரும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர். நம்மூர் லேத் பட்டறையில் எஃகைச் சீவும் முனையை இன்றைக்கும் விடியா டிப் என்றுதான் சொல்கிறார்கள். காங்கிரீட் சுவரில் ஓட்டை போடும் டிரில் பிட்டின் முனையும் அதே வகைதான். பட்டறைப் பொருளை மணிக்கட்டுக்கு ஏற்றியதுதான் டயாஸ்டார்.

இப்போது அதன் உருவத்தைப் பாருங்கள். டயாஸ்டாரைக் கிண்டல் செய்கிறவர்கள் முதலில் தொடுவது இதைத்தான். முட்டை மாதிரி, கூழாங்கல் மாதிரி, காதுகள் வெளியே தெரியாத மொழுக்கென்ற மூடி. ஆனால் டங்ஸ்டன் கார்பைடை எஃகு மாதிரி நினைத்த வடிவத்துக்கு வெட்டி இழைக்க முடியாது. அதை வெட்டும் கருவியே அதனால் செய்ததுதான். பொடியை அச்சில் அழுத்தி, சூளையில் 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டு இறுக்கி, வைரப் பொடியால் மெருகேற்ற வேண்டும். கூர்மையான மூலைகள், மெல்லிய காதுகள் வைத்தால் அங்கேதான் தெறிக்கும். பெரிய, சரிவான, ஒரே பரப்பான மூடி அந்தப் பொருளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பொருள் கேட்ட உருவம். அதற்கு மேல் டயலில் ஒரு சின்ன நங்கூரம், கையை அசைத்தால் ஆடும். தானாகச் சாவி ஏறும் இயந்திரம் உள்ளே இருக்கிறது என்பதற்கான அடையாளம். சின்ன வயதில் ராடோவைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் மணி பார்த்திருக்க மாட்டார்கள், அந்த நங்கூரத்தைத்தான் ஆட்டிப் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்றையும் ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். தங்கமே இல்லாத எஃகுக் கடிகாரத்தைத் தங்கக் கடிகாரத்தின் விலைக்கு மேலே விற்றது ராயல் ஓக்கின் புரட்சி என்று கொண்டாடுகிறோம். ஆடம்பரத்தின் மதிப்பைத் தங்கத்திலிருந்து பிரித்து, செய்முறையின் மேல் வைத்தது அதன் பெருமை. அந்தப் பிரிப்பை டயாஸ்டார் பத்து வருடம் முன்னாலேயே செய்து காட்டிவிட்டது, அவ்வளவு விலை சொல்லாமல். ஆக, முதல் இரண்டு கேள்வியிலும் டயாஸ்டார் தேறிவிடுகிறது.

மூன்றாவது கேள்விக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும். 1961இல் ஹெச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. டயாஸ்டார் அதற்கு அடுத்த வருடம். ஒன்று நாட்டுக்கு நேரம் சொல்ல வந்தது. இன்னொன்று அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கடைவழியாக எளிதில் வர முடியாதது. அது வந்த வழி மனிதர்களின் பெட்டி. 1970களுக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள், எங்கள் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டை, லால்பேட்டைச் சபுராளிகள், ஊர் திரும்பும்போது கொண்டுவந்தவற்றில் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் ராடோவும் இருந்தன. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள் அவர்கள். மணல்காட்டில் உழைத்துவிட்டு, மணல் கீறாத கடிகாரத்தோடு வந்தார்கள். லெங்னாவில் யாரும் இதை யோசித்து வடிவமைத்திருக்க மாட்டார்கள். அங்கே அது நாகரிகத்தின் குறி. இங்கே, "இத்தனை வருஷம் வெயில்ல கெடந்ததுக்கு ஒரு ரசீது வேணும்ல" என்பதற்கான ரசீது.

இந்தக் கதைக்கு அழுக்கான பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம், வாட்ச் என்ற பட்டியலில் வாட்ச் என்ற இடத்தில் ராடோ வந்து உட்கார்ந்துகொண்டது. "ராடோ போடுறோம்னு சொன்னாங்க" என்று கல்யாணப் பேச்சில் அது ஒரு நிபந்தனையாக ஆனது. வளைகுடாவில் அண்ணன் பட்ட பாடு, தங்கையின் புருஷன் கையில் மின்னும். வாங்க முடியாதவர்களுக்கு சென்னை பர்மா பஜாரில் போலி கிடைத்தது. ஒரு பொருள் செவ்வியல் ஆகும்போது அதோடு சேர்ந்து பரிசுத்தமாகிவிடுவதில்லை. பட்டுப்புடவைக்கும் தங்கத்துக்கும் இதே கதைதான். ஆனால் போலி செய்யவும் சீர் கேட்கவும் கடன்வாங்கவும் ஏமாறவும் தோன்றும் அளவுக்கு ஒரு பொருள் நம் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது என்பதை மறுக்கவும் முடியாது. டேங்கும் ராயல் ஓக்கும் நம் ஊரில் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ராடோ சொன்னது, நல்லதும் கெட்டதும்.

இனி எங்கள் ஊர்ப் பொருளுக்கு வருகிறேன். 1986இல் இன்டெக்ரல் என்ற மாடலில் ராடோ முதல்முறையாக செராமிக்கைப் பயன்படுத்தியது. அதே வருடம் ஐ.டபிள்யூ.சி.யும் செராமிக் கூடு போட்ட டா வின்சியைக் கொண்டுவந்தது. 1990இல் ராடோவின் செராமிகா, கூடும் சங்கிலியும் ஒரே கறுப்பு செராமிக்கில் ஓடும் கடிகாரம். விருத்தாசலத்தில் செராமிக் என்றால் நினைவுக்கு வருவது வேறு: பிள்ளையார் பொம்மை, அகல் விளக்கு, கழிப்பறைக் கோப்பை, மின்கம்பத்து இன்சுலேட்டர், முக்கியமாக அந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை வைத்து ஒரு தொழிற்பேட்டையே இங்கே வளர்ந்தது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமும் இருக்கிறது.

பொம்மைக்கும் கடிகாரத்துக்கும் மூலப்பொருள் வேறு, ஆனால் செய்முறையில் உறவு உண்டு. இங்கே களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் மண் படியும், எடுத்துக் காயவைத்து 1,200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். அங்கே ஜிர்கோனியம் ஆக்சைடுப் பொடியைப் பிசினோடு கலந்து அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி, பிசினை நீக்கி, 1,450 டிகிரியில் சுடுகிறார்கள். சூளையில் அது கிட்டத்தட்டக் கால் பங்கு சுருங்கும். சுருங்கியபிறகு சரியான அளவு வரும்படி அச்சைப் பெரிதாகப் போடவேண்டும். "சுருங்குறதுக்கு எடம் விட்டு அச்சு போடணும்" என்பது எங்கள் ஊர்ச் சூளைக்காரர்களுக்குப் பாலபாடம். மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு கணக்கில் அதைச் செய்வதுதான் சுவிஸ்காரர்களின் கெட்டிக்காரத்தனம்.

ஜிர்கோனியாவிலும் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சுட்டு ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறும், அந்த மாற்றத்தில் பொருள் வீங்கி வெடித்துவிடும். இட்ரியம் ஆக்சைடு போன்றவற்றைச் சேர்த்து அதை அடக்கலாம். அப்படி அடக்கிவைத்த வீக்கத்தையே விரிசலுக்கு எதிராகத் திருப்பிவிடலாம் என்று 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். விரிசல் நுனியில் படிகம் மாறி வீங்கி, விரிசலை இறுக்கி மூடுகிறது. அதனால்தான் இன்று பல் மருத்துவர் ஜிர்கோனியா கேப் போடுகிறார். ஒரு பொறியியல் பட்டதாரியாக எனக்கு செராமிகாவைப் பார்த்தால் மரியாதை வருகிறது. முப்பது வருடம் கழித்தும் அது கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி இருக்கும். கறுப்பு வெளுக்காது, பளபளப்பு குறையாது, தோலில் அரிக்காது.

பிறகு ஏன் தயக்கம்? கடினம் வேறு, உறுதி வேறு. கீறலை எதிர்ப்பது கடினம், அடியைத் தாங்குவது உறுதி. இரண்டும் ஒரே பொருளில் முழுசாகச் சேர்வது அபூர்வம். எஃகு கீறிக்கொள்ளும், நசுங்கும், ஆனால் துண்டாகாது. செராமிக் கீறாது, ஆனால் மொசைக் தரையில் தப்பாக விழுந்தால் போச்சு. ஜிர்கோனியா இந்தத் தூரத்தைக் குறைத்தது, அழிக்கவில்லை. இதை விளக்க விருத்தாசலத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பீங்கான் தேயாது, உடையும். உடைந்த செராமிக் கண்ணியை உருக்கி ஒட்ட முடியாது, வளைத்து நிமிர்த்த முடியாது, லேத்தில் கடைந்து புதுசு செய்ய முடியாது. நிறுவனம் அதே அளவில் இன்னொன்றைக் கொடுத்தால் உண்டு. கூடும் சங்கிலியும் ஒன்றுக்காகவே ஒன்று செய்தவை என்பதால் வேறு பட்டையும் பொருந்தாது. அந்தக் கண்ணியைச் செய்வது நின்ற நாளோடு, கீறலே இல்லாத அந்தக் கடிகாரத்தின் வாழ்க்கையும் மேசை இழுப்பறைக்குள் முடிந்துவிடுகிறது.

டயாஸ்டாரின் கதை வேறு. மேல்மூடிதான் டங்ஸ்டன் கார்பைடு. உள்ளே ஓடியவை ஷில்ட், ஈட்டா போன்ற நிறுவனங்களின் சாதாரண தானியங்கி இயந்திரங்கள், நூறு பிராண்டுகளில் ஓடியவை. குறிப்பாக ஈட்டா 2824 குடும்பத்து இயந்திரத்தைத் தெரியாத கடிகார மெக்கானிக் உலகத்திலேயே குறைவு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருப்பவர் அதைத் திறப்பார், கழுவுவார், எண்ணெய் விடுவார், "ஸ்பிரிங் போயிருக்கு, மாத்திரலாம்" என்பார். சங்கிலியின் பொன்முலாம் தேய்ந்தால் தோல்பட்டை போடலாம். டயல் பழுத்துப்போயிருக்கும், இருக்கட்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த டயாஸ்டார்கள் இன்றைக்கும் ஓடுவது அந்த மூடியால் இல்லை. மூடிக்குக் கீழே, யார் வேண்டுமானாலும் கைவைக்கக்கூடியதாக ஒன்று இருந்ததால்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் நாற்பது, ஐம்பது வருடம் ஓடும் நிரல்கள் உண்டு. அவற்றில் பிழையே இல்லை என்பதால் அவை பிழைக்கவில்லை. யாரோ எழுதியதை வேறு யாரோ திறந்து படித்து, சபித்து, ஒட்டுப்போட்டு ஓட்ட முடிந்ததால் பிழைத்தன. திறக்கவே முடியாமல் இறுக்கி மூடப்பட்ட அழகான நிரல்கள் அதை எழுதிய நிறுவனத்தோடு சேர்ந்து செத்தன. எங்கள் ஊர் ஃபியூஸ் கட்டையும் இந்த வகைதான். ஃபியூஸ் போனால் கட்டையைப் பிடுங்கி, ஒரு முழக் கம்பியைச் சுற்றி, திரும்பச் சொருகத் தெரியாத வீடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் உண்டா? அதைக் கிளாசிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் டயாஸ்டாரை நீடிக்கவைத்த குணம் ஆடம்பரக் கடைக்கு உரியது இல்லை, ஃபியூஸ் கட்டையின் குணம்தான்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, வலுவானதுதான். வாக்கு கொடுத்ததே கீறல் விழாது என்றுதான். அந்த வாக்கை டயாஸ்டாரைவிட நன்றாகக் காப்பாற்றுவது செராமிக்தானே, தன் லட்சியத்தின் உச்சியைத் தொட்ட பொருளுக்குப் பட்டத்தை மறுத்துவிட்டு, பாதிவழியில் நின்றதற்குக் கொடுப்பது என்ன நியாயம்? இதற்கு என் பதிலை ராடோவே 2022இல் எழுதிக்கொடுத்துவிட்டது. அறுபதாம் ஆண்டை ஒட்டி அவர்கள் புதுப்பித்தது டயாஸ்டாரைத்தான். மேல்வளையத்துக்கு செராமிக்கில் பத்து சதவீதம் உலோகக் கலவை சேர்த்த செராமோஸ். கூடு எஃகு. அறுபது வருடத்தில் எத்தனையோ கடினமான பொருள்களைச் செய்துவிட்டு, திரும்பிப்போனது அந்தக் கூழாங்கல் வடிவத்துக்கு, ஆடும் நங்கூரத்துக்கு, கீறும் எஃகுக்கு. எதை ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று விற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது.

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். பெயரிலேயே முதுமை. பொன்னைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சுந்தரருக்கு இங்கே இறைவன் 12,000 பொன் கொடுத்தான். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு இந்தக் கதையைத் தொட்டுத்தான் வழங்குகிறது. சுந்தரர் பக்தர், ஆனால் ஏமாளி இல்லை. ஆற்றில் போடும் முன் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரசிப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. பாடித்தான் சரிசெய்தார். மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் கமலாலயக் கரையில் இருக்கிறார்.

உரைகல்லில் பொன்னின் மாற்று தெரிவது, பொன் கொஞ்சம் தேய்ந்து கல்லில் கோடு விழுவதால். தேயாத பொருளுக்கு உரைகல் கிடையாது. அதை விற்பவன் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. டயாஸ்டார் தன் மூடியில் கீறலை மறுத்தது. ஆனால் சங்கிலியில், டயலில், உள்ளே சுழலும் பல்சக்கரங்களில் தேய்மானத்தை ஏற்றுக்கொண்டது. சபுராளியின் வியர்வையையும் கல்யாண வீட்டுப் பேரத்தையும் லென்ஸ்காரரின் எண்ணெயையும் உள்ளே விட்டது. அறுபது வருடம் உரசிப் பார்த்தாகிவிட்டது, மாற்று தெரிந்துவிட்டது. செராமிகாவை நம் கை இன்னும் உரசிப் பார்க்கவில்லை. அதன் முதல் கண்ணி உடைந்து, அதை யாராவது ஒருவர் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கும் நாள் வந்தால், அதற்கும் இந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசலாம்.